முகக்கவசமும் தனிமனித உரிமையும்: கட்டாயத்தை மக்கள் ஏற்றதும் எதிர்த்ததும் எதனால்?

கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பெரும்பாலான நாடுகள் தங்கள் மக்களிடம் ஒன்றையே கேட்டன: வெளியே வரும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கேட்டது ஒன்றாயினும் கிடைத்த பதில்கள் வெவ்வேறாக இருந்தன. ஜப்பானில் அபராதமோ சட்டமோ இல்லாமலேயே ஏறத்தாழ அனைவரும் அணிந்தனர். அமெரிக்காவில் பல மாகாணங்கள் ஆணை பிறப்பித்தும் அது தெருப் போராட்டமாகவும் நீதிமன்ற வழக்காகவும் மாறியது. இந்தியாவில் ஆணையை எதிர்த்துப் பெரிய போராட்டம் எதுவும் நடைபெறவில்லை. ஆனால், முகக்கவசம் பலருடைய தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

கிழக்கத்திய நாட்டினர் கட்டுப்படும் இயல்புடையவர்கள், மேலை நாட்டினர் சுதந்திரத்தைப் பெரிதாகக் கருதுபவர்கள் என்பதே இந்த வேறுபாட்டுக்குப் பலரும் கூறும் விளக்கம். அந்த விளக்கம் எளிதானது. ஆனால் வரலாற்றோடு பொருந்தாதது. முகக்கவசத்தை மக்கள் ஏற்றார்களா, மறுத்தார்களா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை மூன்று: அதை அணியச் சொன்னவர் யார், அவர் தாமும் அணிந்தாரா, அணியாதவருக்கு என்ன நேர்ந்தது.

மஞ்சூரியாவில் தொடங்கிய வழக்கம்

நோய்ப் பரவலைத் தடுக்கப் பொதுமக்களும் முகக்கவசம் அணியலாம் என்ற எண்ணம் பரவலாகச் செயல்வடிவம் பெற்றது சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில். 1910-11 குளிர்காலத்தில் அங்கு பரவிய நுரையீரல் பிளேக் நோய்க்கு ஏறத்தாழ 60,000 பேர் பலியாகினர். பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்ற வூ லியென் தே என்ற இளம் மருத்துவர், நோய் காற்றின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது எனக் கூறினார். வலைத்துணியையும் பஞ்சையும் அடுக்கிச் செய்த முகக்கவசத்தை அணியுமாறு மருத்துவர்களையும் பணியாளர்களையும் வலியுறுத்தினார்.

முதல் எதிர்ப்பு பாமரரிடமிருந்து எழவில்லை. வூவைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, அவருடைய கருத்தை ஏற்காமல், முகக்கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில் அதே நோய்க்கு அவர் பலியானார். அதன் பின்னர் ஹார்பின் நகரில் முகக்கவசத்துக்கு மறுப்பு வெகுவாகக் குறைந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் எதிர்ப்புச் சங்கம்

முகக்கவச எதிர்ப்பு 2020-இல் தோன்றியதாகப் பலர் கருதுகின்றனர். நூறாண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் அதை முழுமையாகக் கண்டுவிட்டது.

ஸ்பானிஷ் காய்ச்சல் எனப்பட்ட இன்ஃப்ளூயன்சா உச்சத்தில் இருந்த 1918 அக்டோபர் இறுதியில் அந்நகர நிர்வாகம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மீறுவோருக்கு அபராதமும் சிறையும் விதிக்கப்பட்டன. அப்போது முதலாம் உலகப்போர் முடிவடையும் தறுவாயில் இருந்தது. முகக்கவசம் அணியாதவரைப் போர்க் கடமையிலிருந்து நழுவுபவருக்கு ஒப்பிட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் பிரசாரம் செய்தது. முகத்தை மூடுவது நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. நகரின் மையப் பகுதியில் முகக்கவசம் அணிய மறுத்த ஒருவர், சுகாதாரத் துறையின் சிறப்புக் காவலரால் சுடப்பட்டுக் காயமடையும் அளவுக்கு அமலாக்கம் கடுமையாக இருந்தது.

நவம்பர் 21 நண்பகலில் ஒலிப்பான் முழங்க, மக்கள் முகக்கவசங்களைக் கழற்றி வீசிக் கொண்டாடினர். ஆனால் நோய் திரும்பியது. 1919 ஜனவரி 17-இல் ஆணையும் திரும்பியது. இம்முறை மக்களின் மனநிலை வேறாக இருந்தது. போர் முடிந்துவிட்டதால் நாட்டுப்பற்று வாதம் எடுபடவில்லை. ஜனவரி 25-இல் 'முகக்கவச எதிர்ப்புச் சங்கம்' நடத்திய பொதுக்கூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வழக்குரைஞரும் பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்டவருமான இ. சி. ஹாரிங்டன் அதற்குத் தலைமை வகித்தார். முகக்கவசத்தின் பயனுக்கு அறிவியல் சான்று போதாது என்பதும், தனிமனிதச் சுதந்திரத்தில் அரசு தலையிடுகிறது என்பதும் சங்கத்தின் வாதங்களாக இருந்தன. பிப்ரவரி 1-இல் ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆணையின் மீதான மதிப்பு குலைந்ததற்கு ஆட்சியாளர்களுக்கும் பங்குண்டு. முதல் ஆணை நடைமுறையில் இருந்தபோதே நகர மேயர் ஜேம்ஸ் ரால்ஃப், சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர் ஆகியோர் குத்துச்சண்டைப் போட்டி ஒன்றை முகக்கவசமின்றிக் கண்டுகளித்தது புகைப்படத்தில் பதிவானது. இருவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. ஆணையைக் கொண்டுவருவதில் முன்னின்றவர் ஹாஸ்லர்.

சட்டமின்றி அணிந்த ஜப்பான்

ஜப்பானியர்களின் முகக்கவசப் பழக்கம் பண்டைய பண்பாட்டின் எச்சம் அன்று. 1918-20 காய்ச்சலின்போது அந்நாட்டு அரசு சுவரொட்டிகள் மூலம் அதைப் பரப்பியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மரத்தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்ட 'சுகி' எனும் தேவதாரு வகை மரங்கள் வளர்ந்து பூத்தபோது, அவற்றின் மகரந்தத்தால் கோடிக்கணக்கானோர் ஒவ்வாமைக்கு ஆளாயினர். வசந்த காலத்தில் முகக்கவசம் அணிவது அன்றாட வழக்கமானது. சளி பிடித்தவர் பிறருக்குத் தொற்றக்கூடாது என்று அணிவதும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

2020-இல் ஜப்பான் அரசு அவசர நிலையை அறிவித்தபோதும், மக்களைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 'ஜிஷுகு' எனப்படும் தன்னடக்கத்தைக் கடைப்பிடிக்குமாறு வேண்டுகோள் மட்டுமே விடுத்தது. முகக்கவசம் அந்நாட்டில் ஒருபோதும் நாடு தழுவிய சட்டக் கட்டாயமாகவில்லை.

இதனால் அங்கு சுதந்திரம் முழுமையாக இருந்தது எனக் கூறிவிட முடியாது. அரசு செய்யாத கண்காணிப்பை அக்கம்பக்கத்தார் செய்தனர். திறந்திருந்த கடைகளுக்கு மிரட்டல் குறிப்புகளை ஒட்டியவர்களை 'தன்னடக்கக் காவலர்கள்' என ஊடகங்கள் கேலியாக அழைத்தன. முகக்கவசத்தைப் பொதுவெளியில் கழற்றக் கூச்சப்பட்ட இளைஞர்கள் அதற்கு 'முகத்தின் உள்ளாடை' என்றே பெயர் சூட்டினர். அணிவதும் அணியாததும் அவரவர் விருப்பம் என 2023 மார்ச் 13 அன்று அரசு அறிவித்த பின்னரும் டோக்கியோ ரயில்களில் பெரும்பாலோர் முகத்தை மூடியபடியே பயணம் செய்தனர். காவலர் விதிக்கும் அபராதத்தை எதிர்த்து வழக்குத் தொடரலாம். அண்டை வீட்டாரின் பார்வையை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குச் செல்வது என்பது அங்கு எழுந்த வேறு வகைச் சிக்கல்.

தடையும் கட்டாயமும் ஒரே முகத்துக்கு

ஒரே நாட்டில் முகத்தை மூடுவது குற்றமாகவும் கடமையாகவும் இருந்த விந்தை இரண்டு இடங்களில் நிகழ்ந்தது.

பொது இடங்களில் முகத்தை மறைப்பதைத் தடை செய்து பிரான்ஸ் 2010 அக்டோபரில் சட்டம் இயற்றியது. முஸ்லிம் பெண்களின் முழுமுகத் திரையைக் குறிவைத்த சட்டம் என்று அது விமர்சிக்கப்பட்டது. மக்கள் ஒருவரோடொருவர் முகம் பார்த்துக் கூடி வாழ்வது சமூகத்தின் அடிப்படை என்ற பிரான்ஸ் அரசின் வாதத்தை ஏற்று, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2014 ஜூலையில் அச்சட்டத்தை உறுதி செய்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2020 மே 11 முதல், அதே பிரான்ஸ் பொதுப் போக்குவரத்தில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அணியாதவருக்கு 135 யூரோ அபராதம். முகத்தை மறைத்தால் அதிகபட்சம் 150 யூரோ அபராதம் என்ற பழைய சட்டமும் நடைமுறையில் தொடர்ந்தது. உடல்நலக் காரணத்துக்காக முகத்தை மூடுவோருக்கு அச்சட்டத்திலேயே விலக்கு இருப்பதால் சட்டரீதியான முரண் எழவில்லை. முகம் தெரியாமல் கூடி வாழ முடியாது என்ற வாதம் மட்டும் வலுவிழந்தது.

ஹாங்காங்கில் 2003-ஆம் ஆண்டு சார்ஸ் நோய்க்கு 299 பேர் பலியானதன் நினைவு மக்களிடம் ஆழப் பதிந்திருந்தது. அங்கு 2019 அக்டோபரில், ஜனநாயகப் போராட்டக்காரர்கள் அடையாளத்தை மறைப்பதைத் தடுக்க, அவசரகாலச் சட்டத்தின்கீழ் முகமூடிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. சில மாதங்களில் கரோனா பரவியபோது, அரசின் ஆணைக்குக் காத்திராமல் மக்களே முகக்கவசம் அணிந்தனர். அரசு 2020 ஜூலையில்தான் அதைக் கட்டாயமாக்கியது. அக்கட்டாயம் 2023 மார்ச் 1 வரை நீடித்தது. கட்டாயம் நடைமுறையில் இருந்த 2020 டிசம்பரில், முந்தைய ஆண்டு விதித்த முகமூடித் தடை செல்லும் என ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசை நம்பாத மக்கள் முகக்கவசத்தை நம்பினர் என்பதே ஹாங்காங்கின் தனித்தன்மை. கட்டுப்படும் இயல்பு என்ற விளக்கம் இங்கே முற்றிலும் பொருளற்றுப்போகிறது.

அமெரிக்கா: அடையாளமாக மாறிய துணி

கட்டாயச் சுகாதார நடவடிக்கைகளுக்கு அமெரிக்க நீதித்துறை நெடுங்காலமாக ஆதரவளித்து வந்துள்ளது. அம்மை தடுப்பூசியை மறுத்தவருக்கு விதிக்கப்பட்ட 5 டாலர் அபராதத்தை 1905-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 'ஜேக்கப்சன்' வழக்கில் உறுதி செய்தது. எல்லா வேளைகளிலும் எல்லாக் கட்டுப்பாடுகளிலிருந்தும் விடுபட்டிருப்பது சுதந்திரம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2020-இல் சறுக்கல் வேறிடத்தில் நேர்ந்தது. நலமாக உள்ளோருக்கு முகக்கவசம் தேவையில்லை என்று முதலில் கூறிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஏப்ரல் 3-இல் தன் நிலைப்பாட்டை மாற்றி அனைவரும் துணிக் கவசம் அணியப் பரிந்துரைத்தது. அதை அறிவித்த அதே செய்தியாளர் சந்திப்பில், தாம் அணியப்போவதில்லை என அதிபர் டொனால்ட் டிரம்ப் தெரிவித்தார். ஒரே மேடையில் வெளிப்பட்ட இரு நிலைப்பாடுகளையும் ஆளுக்கொன்றாக இரு கட்சிகளின் ஆதரவாளர்களும் எடுத்துக்கொண்டனர். முகக்கவசம் கட்சிச் சின்னத்தைப்போல ஆயிற்று. கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் எழுப்பிய 'என் உடல், என் விருப்பம்' என்ற முழக்கம், முகக்கவச எதிர்ப்பாளர்களின் பதாகைகளில் இடம்பெற்றது.

விமானங்கள், ரயில்களில் இருந்த முகக்கவசக் கட்டாயத்தை 2022 ஏப்ரல் 18-இல் புளோரிடாவின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் ரத்து செய்தார். தனிமனித உரிமைக்குக் கிடைத்த வெற்றியாக அது கொண்டாடப்பட்டது. ஆனால், முகக்கவசம் அணியாதிருப்பது அடிப்படை உரிமை என்று அத்தீர்ப்பு கூறவில்லை. 1944-ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் அத்தகைய ஆணையிடும் அதிகாரத்தை நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு வழங்கவில்லை என்பதே தீர்ப்பின் முக்கிய அடிப்படை.

இந்தியா: மறுப்பின்றி நழுவியவர்கள்

நோய்த்தடுப்பின் பெயரால் உடல்மீதும் வீட்டின்மீதும் அரசு கைவைப்பதை இந்தியர்கள் எப்போதும் பணிந்து ஏற்றதில்லை. 1897-இல் புணேயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேயப் படையினர் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்டதும், பெண்களைப் பரிசோதித்ததும், உடைமைகளை அழித்ததும் பெரும் சினத்தை மூட்டின. அந்நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரி வால்டர் ராண்டை அவ்வாண்டு ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம்தான் 123 ஆண்டுகள் கழித்து கரோனாவுக்கும் பயன்படுத்தப்பட்டது.

முகத்தை மூடுவது மட்டும் இந்தியாவுக்குப் புதிதன்று. வட இந்தியாவில் கம்சா துண்டும் துப்பட்டாவும் வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தைச் சுற்றியே வந்துள்ளன. டெல்லியில் காற்று மாசுக்காக முகக்கவசம் அணிவோர் கரோனாவுக்கு முன்பே இருந்தனர். ஸ்தானகவாசி, தேராபந்தி பிரிவுகளைச் சேர்ந்த சமணத் துறவிகள், தங்கள் மூச்சால் காற்றில் உள்ள நுண்ணுயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று வாயில் வெண்துணி கட்டுகின்றனர். பிறருக்குத் தீங்கு தவிர்க்க வாயை மூடுவது என்ற கருத்து, கிருமிகளை அறிவியல் கண்டறிவதற்கு முன்பே இங்கு நிலவியது.

2020 ஏப்ரல் 4-இல் வீட்டிலேயே தைத்த முகக்கவசங்களை அணியுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. மும்பையிலும் டெல்லியிலும் அது ஏப்ரல் 8-இல் கட்டாயமாயிற்று. ஏப்ரல் 14-இல் பிரதமர் நரேந்திர மோடி கம்சா துண்டால் முகத்தை மூடியபடி தொலைக்காட்சியில் தோன்றினார். மறுநாள் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை, நாடு முழுவதும் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அவ்வாண்டு செப்டம்பரில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அவசரச் சட்டம் மூலம் திருத்தி, அணியாதவருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தது. டெல்லியில் 500 ரூபாயாக இருந்த அபராதம் நவம்பரில் 2,000 ரூபாயாக உயர்ந்தது. தினக்கூலித் தொழிலாளிக்கு அது பல நாள் ஊதியம். காரில் செல்பவருக்கு அத்தகைய சுமையன்று.

அபராதத்தின் பயன் என்ன என்பதைச் சுகாதார அமைச்சகம் 2021 மே மாதம் வெளியிட்ட தகவல் காட்டியது. 25 நகரங்களில் 2,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பாதிப்பேர் முகக்கவசமே அணியவில்லை. அணிந்தவர்களிலும் 64 சதவீதத்தினர் வாயை மூடி மூக்கைத் திறந்து விட்டிருந்தனர். 20 சதவீதத்தினர் தாடையில் அணிந்திருந்தனர். முறையாக அணிந்தோர் 14 சதவீதம் மட்டுமே. அதாவது நூறு பேரில் ஏழு பேர். இரண்டாம் அலை நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. காவலரைக் கண்டதும் மேலேற்றுவதற்காகத் தாடையில் அணியப்பட்ட முகக்கவசம் நோயைத் தடுக்கவில்லை, அபராதத்தைத் தடுத்தது.

அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் தமிழ்நாடு, மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களின் தேர்தல் பிரசாரங்களிலும் ஹரித்வார் கும்பமேளாவிலும் பெருங்கூட்டங்கள் முகக்கவசமின்றித் திரண்டிருந்தன. அதே ஏப்ரலில், 7-ஆம் தேதி, காரில் தனியாகச் செல்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும், வாகனமும் பொது இடமே என டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியாகக் காரோட்டியவருக்கு அபராதமும், மேடை முன் நெருக்கியடித்து நின்றவர்களுக்கு வரவேற்பும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. அந்த விதி அபத்தமானது, அது ஏன் இன்னும் நீடிக்கிறது என 2022 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் அமர்வு கேட்டது. சில நாள்களில் டெல்லி நிர்வாகம் தனித்து ஓட்டுவோருக்கு விலக்களித்தது.

தண்டனை எந்த அளவுக்குச் செல்லலாம் என்ற கேள்வி குஜராத்தில் எழுந்தது. முகக்கவசம் அணியாதோரைக் கரோனா சிகிச்சை மையங்களில் சமூகப் பணியில் ஈடுபடுத்த வேண்டும் என அம்மாநில உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-இல் உத்தரவிட்டது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முகக்கவச விதிகளைக் கண்டிப்புடன் அமல்படுத்துமாறு கூறிய உச்ச நீதிமன்றம், அந்தத் தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமற்றது எனக் கருதியது.

அடிப்படை உரிமை குறித்த தெளிவான தீர்ப்பு முகக்கவச வழக்கில் வரவில்லை. தடுப்பூசி வழக்கில் வந்தது. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உடல்மீதான தன்னுரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது, எவரையும் தடுப்பூசி செலுத்திக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அதே வேளையில், பொதுச் சுகாதாரத்தின்பொருட்டுத் தனிமனித உரிமைகளுக்கு அரசு வரம்பு விதிக்கலாம் என்பதையும் ஏற்றது. அந்த வரம்புக்குச் சட்ட அடிப்படையும், முறையான நோக்கமும் இருக்க வேண்டும். அது தேவையின் அளவை மிஞ்சக் கூடாது. அந்தரங்க உரிமை குறித்து 2017-இல் ஒன்பது நீதிபதிகள் வகுத்த அளவுகோல் அது.

அறிவியல் சொல்வது

உரிமை வாதத்தின் முடிச்சு ஓர் அறிவியல் கேள்வியில் இருக்கிறது: முகக்கவசம் அணிபவரை மட்டும் காக்கிறதா, பிறரையும் காக்கிறதா? தனக்கு மட்டுமே பயன் என்றால் அரசு தலையிடத் தேவையில்லை. பிறருக்குத் தீங்கு நேருமானால் தலையிடலாம் என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் முன்வைத்த புகழ்பெற்ற வரையறை. 2020 நவம்பரில் வெளியான டென்மார்க் ஆய்வு, அணிபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பை மட்டுமே அளந்தது. முகக்கவசக் குழுவில் 1.8 சதவீதத்தினரும் மற்றக் குழுவில் 2.1 சதவீதத்தினரும் தொற்றுக்கு ஆளாயினர். உறுதியான வேறுபாடு தென்படவில்லை. பிறரைக் காக்குமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. எனினும் எதிர்ப்பாளர்கள் அதையே மேற்கோள் காட்டினர்.

இந்தியாவுக்கு நெருக்கமான சான்று வங்கதேசத்தில் கிடைத்தது. 600 கிராமங்களில் 3.4 லட்சம் பேரிடையே 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் நடந்த ஆய்வில், முறையாக முகக்கவசம் அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தனர். அறிகுறியுடன் உறுதியான தொற்று ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. அறுவைசிகிச்சை முகக்கவசம் வழங்கப்பட்ட கிராமங்களில், குறிப்பாக முதியோரிடம், பலன் கூடுதலாகத் தெரிந்தது. அணிவோர் எண்ணிக்கை மூன்று மடங்கானது அபராதத்தால் அன்று. முகக்கவசங்கள் வீடு தேடி இலவசமாக வழங்கப்பட்டன. அணிவதன் பயன் விளக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியவர்களும் மசூதிகளின் இமாம்களும் தாங்களே அணிந்து காட்டினர். சந்தைகளில் அணியாமல் வந்தவரிடம் தன்னார்வலர்கள் நேரில் நினைவூட்டினர். குறுஞ்செய்திகளும் கிராமத்துக்கு அறிவிக்கப்பட்ட பரிசுத் தொகையும் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை.

கட்டாயத்துக்குப் பின்

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட கரோனா கட்டுப்பாடுகள் 2022 மார்ச் 31-உடன் முடிவுக்கு வந்தன. மகாராஷ்டிரம் குடி பட்வா நாளான ஏப்ரல் 2-இல் முகக்கவசத்தை மக்களின் விருப்பத்துக்கு விட்டது. டெல்லி அபராதத்தைக் கைவிட்டு, அதே மாதத்தில் மீண்டும் விதித்து, செப்டம்பர் இறுதியில் முழுமையாக நீக்கியது. விமானப் பயணத்தில் எஞ்சியிருந்த கட்டாயம் நவம்பர் 16-இல் விலகியது.

சட்டத்தில் உள்ள வெற்றிடம் இன்னும் நிரப்பப்படவில்லை. 1897-இல் நான்கே பிரிவுகளுடன் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம், எந்தக் கட்டுப்பாட்டை எவ்வளவு காலம் விதிக்கலாம், அதை யார் மறுஆய்வு செய்வது என்பதைக் கூறவில்லை. அச்சட்டத்தில் உள்ள குறைகளைக் களையும் வகையில் திருத்தங்களையோ, விரிவான புதிய சட்டத்தையோ கொண்டுவருமாறு சட்ட ஆணையம் 2024 பிப்ரவரியில் மத்திய அரசுக்கு அளித்த 286-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உள்ள அதிகாரங்களைத் தெளிவாகப் பிரிக்கும் கொள்ளைநோய்த் திட்டம் ஒன்றும் தேவை என்பது அந்த அறிக்கையின் மற்றொரு பரிந்துரை.